ஒரே சத்தத்தில் இரண்டு பேர்

மக்கா,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பேரனுக்குப் பேர் வைப்பதில் உங்கள் வீட்டில் மூன்று கட்சி இருப்பதாக எழுதியிருக்கிறாய். மருமகளுக்கு இரண்டே எழுத்தில் புதுசாக ஒரு பேர் வேண்டும், சம்பந்தி எண் கூட்டிப் பார்க்கிறார், நீ நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறாய். நீ அப்படித்தான் ஆட்டுவாய் என்று எனக்குத் தெரியும். கடைசியில் கேலியாக ஒன்று கேட்டிருக்கிறாய்: “எங்கள் ஆபீசில் ரிட்டயர் ஆகப் போகிற இரண்டு பேருக்கும் எனக்கும்தான் ஆறுமுகம் என்று பேர். நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் முருகன் பேர் கிடையாது. எனக்கு மட்டும் ஏனம்மா?” உன் அப்பாவிடம் காட்டினேன். “நீயே எழுது, உனக்குத்தான் அது ஒழுங்காச் சொல்லத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். கேலியாகக் கேட்டாலும் கேட்டுவிட்டாய். அதனால் முழுக்கச் சொல்கிறேன். அவசரமில்லாத நேரத்தில் படி.

உனக்கு மலேயா மாமா ஒருவர் இருந்தது தெரியும். கூடத்தில் மாட்டியிருக்கிற படத்துக்கு நாங்கள் ஏன் மாலை போடுவதில்லை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். அவர் என் அண்ணன். மாமா என்றே சொல்லிவந்ததால் அவர் பேர் உனக்குத் தெரியாமல் போயிற்று. தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்கென்று அவர் கப்பல் ஏறியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நாஞ்சில் நாட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி வயல்தான். நடவு நாளில் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து வரப்பு வழியே ஓட்டுவார். இரண்டு பேரும் சேற்றில் விழுவோம், அடி அவருக்கு மட்டும் கிடைக்கும். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து மலேயாவிலிருந்து திரும்பியவர்களைத் தேடித் தேடி உன் தாத்தா விசாரித்தார். தோட்டத்து ஆட்களோடு ஜப்பான்காரர்கள் அவரையும் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனதாக ஒருவர் சொன்னார். பர்மாவில் ஏதோ ஒரு கடைவீதியில் துணிக்கடைக்குள் அவரைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். தாத்தா இரண்டாவது ஆளை நம்பினார். ஆனால் அன்றிலிருந்து அண்ணன் பேர் அவர் வாயில் வரவேயில்லை. பேரைச் சொன்னால் அடுத்த வார்த்தையாக இருக்கிறான் என்றோ இருந்தான் என்றோ சொல்ல வேண்டும் அல்லவா. அதற்குப் பயந்து “அவன்” என்று நிறுத்திக்கொள்வார். சுதந்திரம் வந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணுக்குச் சகோதரன் செய்ய வேண்டிய முறைகளுக்குச் சித்தப்பா மகன் எழுந்து வந்தபோது தாத்தா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “அந்த எடம் கெடக்கட்டும் மக்கா” என்றார். என் பக்கத்தில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. நான் தாலி கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தேன்.

உன் அப்பாவுக்கு ஆரியசாலையில் கணக்கு வேலை. கரமனையில், ஆற்றுக்கு இறங்கிப் போகிற தெருவில், மாடியில் ஒரே ஒரு அறை உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நல்ல வாழ்க்கைதான், குறை சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை, வெள்ளிக்கிழமை கோயில், மாசம் ஒரு சினிமா. இரண்டு தடவை உண்டாகி நிற்கவில்லை என்கிற ஒரே குறை. ஐம்பத்து நாலில் நீ வயிற்றில் வந்தாய். நாலாவது மாசம் நடக்கும்போது ஒரு சாயங்காலம் அப்பா சட்டையைக் கழற்றாமலேயே அடுக்களை வாசலில் வந்து நின்றார். அப்படி நின்றால் முதலாளி ஏதோ சொல்லியனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். முதலாளி மொத்தக்கடை போக மீன்வலை பின்னுகிற மெஷின் போட்டு ஒரு சின்னக் கம்பெனி தொடங்கிக்கொண்டிருந்தார்.

“மாடி ரூம்ல ஒரு ஆளு வந்து தங்கணும். ஆறேழு மாசம். மெஷின் மாட்ட வந்த ஆளாக்கும்.”

“ஆரு?”

“ஜப்பான்காரரு.”

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். “வேற எடம் பாக்கச் சொல்லுங்க.”

“ஓட்டல் சாப்பாடு அவருக்கு வயித்துக்குப் பிடிக்கல்ல. சோறும் மீனும் கிட்டினாப் போதும்னு சொல்லுகாரு. முதலாளிக்கு நம்மள விட்டா வேற ஆளு இல்ல, கேட்டியா.”

“எங்க அண்ணனைக் கொண்டுபோனவனுக்கு நான் சோறு வடிக்கணும், இல்லியா?”

உன் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவருக்கு என்னோடு சண்டை போடத் தெரியாது, முதலாளியோடும் தெரியாது. மூன்றாம் நாள் அந்த மனிதர் ஒரு தோல் பெட்டியோடு வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். தலை பாதி நரைத்து, கண்ணாடி போட்டு, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் போல இருந்தார். என்னைப் பார்த்ததும் இடுப்பு வரை குனிந்தார். நான் உள்ளே போய்விட்டேன். சமைத்தேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் தட்டை மாடிக்கு எடுத்துப்போனது உன் அப்பாதான். ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

அவர் பேர் கட்சுவோ என்பது எனக்கு மீன்காரியால்தான் தெரிய வந்தது. வலியதுறையிலிருந்து வருகிற அவள் ஒருநாள் காலையில் வாசலில் கூடையை இறக்கியபோது, வேலைக்குப் புறப்பட்டவர் கூடைக்குள் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கூடையில் சூரை மீன் கிடந்தது. அதைத் தொட்டு “கட்சுவோ” என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு “கட்சுவோ” என்றார். அவள் என்னைப் பார்த்து, “இயாளு மீனாணுன்னு பறயுந்நல்லோ அம்மா” என்றாள், இந்த ஆள் தன்னையே மீன் என்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார், அவரும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் உன் அப்பா அவரிடம் அதைப் பற்றிக் கேட்டார். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து அரைகுறை இங்கிலீஷில் பேசினார்கள். நான் அடுக்களையில் இருந்தேன். எனக்குப் புரியட்டும் என்று உன் அப்பா ஒவ்வொன்றையும் சத்தமாகத் தமிழில் திருப்பிச் சொன்னார். எனக்காகத்தான் என்று காட்டிக்கொள்ளவில்லை. விஷயம் இதுதான். அவர்கள் பாஷையில் ஒரு பேருக்குச் சத்தம் வேறு, எழுத்து வேறு. கட்சுவோ என்று காதால் கேட்டால் சூரை மீன் என்றும் நினைக்கலாம். ஆனால் அவர் அப்பா எழுதிவைத்தது இரண்டு எழுத்து: ஒன்று வெற்றி, இன்னொன்று ஆண். அவர் பிறந்த சமயத்தில் அவர்கள் நாடு ஒரு யுத்தத்தில் ஜெயித்திருந்ததாம், தெருவுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு அந்த வெற்றி எழுத்து வந்ததாம். ஆண் என்கிற எழுத்தை எப்படி எழுதுவது என்று பழைய பேப்பர் ஓரத்தில் பென்சிலால் போட்டுக் காட்டினார். மேலே ஒரு வயல், நாலு பாத்தியாக வரப்பு பிரித்தது. கீழே பலம். வயலில் பாடுபடுகிறவன் ஆண்.

அப்பா அந்தப் பேப்பரை அடுக்களைக்குக் கொண்டுவந்து காட்டினார். நாஞ்சில் நாட்டுக்காரிக்கு வயலை அடையாளம் தெரியாமல் போகுமா. மேலேயிருந்து பார்த்தால் எங்கள் வயல் அப்படியேதான் இருக்கும்.

அதற்குப் பிறகு பேர் சொல்வது அந்த வீட்டில் சாயங்கால வேலையாகிவிட்டது. அவருடைய கம்பெனியில் ஹிரோஷி என்று மூன்று பேர் இருந்தார்களாம். கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவார்கள். ஆனால் ஒருவன் எழுத்தில் விரிந்த தண்ணீர், ஒருவன் எழுத்தில் தாராள மனசு, ஒருவன் எழுத்தில் நிறையப் படிப்பு. “மூணாவது ஹிரோஷிக்குத்தான் எழுத்துக் கூட்டவே தெரியாது” என்று அவர் சொன்னபோது உன் அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தகாஷி என்று ஒரு பேர்: வயசானவருக்குக் கீழே ஒரு பிள்ளை நிற்பது போல எழுத்து, பெற்றவர்களைத் தாங்குகிறவன் என்று பொருள். யசுவோ என்று இன்னொரு பேர். அதில் வருகிற அமைதி என்ற எழுத்து ஒரு கூரையும் அதன் கீழே ஒரு பெண்ணும்தான். வீட்டுக்குள்ளே பெண் இருந்தால் அமைதி.

உன் அப்பா இதைத் திருப்பிச் சொன்னதும் நான் அடுக்களையிலிருந்தே, “அந்த எழுத்தை எழுதினவன் கூரையை வெளியில நின்னு பாத்திருப்பான், உள்ள வந்திருக்க மாட்டான்” என்றேன். அப்பா அதை மொழிபெயர்த்தார். கட்சுவோ கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

அந்த மாசங்களில் எனக்கு எதைத் தின்றாலும் நிற்காது. ஒருநாள் ஆரியசாலை மொத்தக்கடை ஒன்றில் மாசிக் கருவாடு தொங்குவதைப் பார்த்து அவர் குழந்தை மாதிரி குதித்தாராம். சூரையை வேகவைத்துக் கட்டை போலக் காயவைப்பதுதானே மாசி. அவர்கள் ஊரிலும் அதே சாமான் உண்டாம். வாங்கிவந்து கத்தியால் சீவிச் சீவிச் சுடுதண்ணீரில் போட்டு வடித்து, ஒரு கோப்பை எனக்கென்று கொடுத்தனுப்பினார். முதல் நாள் நான் தொடவில்லை. இரண்டாம் நாள் வாசனை பார்த்துவிட்டு வைத்தேன். மூன்றாம் நாள் குடித்தேன். ஜப்பானோடு சமாதானம் ஆகிவிட்டதாக நினைக்காதே. எனக்குப் பசித்தது, அது வயிற்றில் நின்றது, அவ்வளவுதான். நீ பிறக்கும் வரை அது எனக்குத் தினப்படி ஆகாரம். மாசிச் சம்பல் என்றால் நீ உயிரை விடுவது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

வளைகாப்புக்குத் தாத்தா வந்தார். என் அம்மா அப்போது இல்லை. ஒரு கூடை வாழைப்பழமும் வளையலுமாக அவரே பஸ்ஸில் வந்து இறங்கினார். மாடியில் யார் இருக்கிறது என்று நாங்கள் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதத் துணிவு வரவில்லை. அவர் காலைக் கழுவிவிட்டு நிமிரும்போது கட்சுவோ படியிறங்கி வந்து குனிந்து வணங்கினார். தாத்தா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

“மாப்பிளை, அவர இங்க வரச் சொல்லுங்க. நான் ஒண்ணு கேக்கணும்” என்றார் கடைசியில்.

கட்சுவோ வந்து எதிரில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எனக்கு ஒரே ஒரு ஆம்பளப் பிள்ளை. தோட்டத்துல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தான். ஒங்க ஆளுக கொண்டுபோனாங்க. எங்க வச்சிருக்கியோன்னு கேளுங்க மாப்பிளை.”

உன் அப்பா தயங்கினார். “மாமா, இவரு பட்டாளத்துக்காரரு இல்ல...”

“கேளுங்கன்னேன்.”

அப்பா கேட்டார். கட்சுவோ இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார், அப்பா ஒவ்வொன்றையும் தமிழில் வைத்தார். தனக்குத் தெரியாது. தான் மலேயாவுக்கோ சயாமுக்கோ போனதில்லை, யுத்தம் முழுக்க வலைக் கம்பெனியில்தான் வேலை. ஆனால் அந்த ரயில் பாதையைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டதுண்டு. அதைப் போட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்றார். இதைச் சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை. பிறகு, கேட்காமலே, தன் மூத்த மகனைப் பற்றிச் சொன்னார். பேர் மசாரு. தன் பேரில் இருந்த அதே வெற்றி எழுத்தைத் தனியாக வைத்தால் மசாரு என்று வாசிக்கலாமாம், அப்படி ஆசையாக வைத்த பேர். இருபது வயதில் பட்டாளத்தில் பர்மாவுக்குப் போனான். யுத்தம் முடிந்த பிறகு சர்க்காரிலிருந்து ஒரு வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி வந்தது. எலும்போ சாம்பலோ இருக்கும் என்று திறந்தார்கள். உள்ளே அவன் பேர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்தான் இருந்தது.

“பேரு மட்டுமா?” என்றார் தாத்தா.

“பேரு மட்டும்” என்றார் அப்பா.

தாத்தா கேட்டார்: “அப்போ, செத்துட்டான்னு நீரு நம்பினீரா?”

மனைவி இன்னும் நம்பவில்லை, தான் நம்பினேன் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு தன் பேரை அந்த வெற்றி எழுத்தில் எழுதுவதில்லையாம். அவர்களிடம் சத்தத்தை மட்டும் எழுதுகிற எழுத்தும் உண்டு, அதில் எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் மீன் என்று நினைத்தால் நினைக்கட்டும் என்றார்.

தாத்தா எழுந்தார். “சோறு போடு மக்கா. அவருக்கும் இங்கயே போடு” என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தாத்தா மறுநாள் ஊருக்குப் போகும்போதும் அண்ணன் பேரைச் சொல்லவில்லை.

நீ ஒரு மழை நாளில் பிறந்தாய். கறுப்பாக, நீளமாக, ஊரைக் கூட்டுகிற குரலோடு. வீட்டுக்கு வந்ததும் பேர்ப் பேச்சு தொடங்கியது. உன் அப்பாவுக்கு விஜயன் என்று வைக்க ஆசை. அந்தப் பேருக்கு என்ன பொருள் என்று கட்சுவோ கேட்டார். வெற்றி என்றார் அப்பா. அவர் முகம் மாறியதைப் பார்த்து அப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்தப் பேர் பிறகு எடுக்கப்படவேயில்லை. எனக்கு உன்னைப் பார்த்த நாளிலிருந்து ஒரே ஒரு பேர்தான் மனசில். ஆனால் அதை வைத்தால் தாத்தாவிடம், உங்கள் மகன் போய்விட்டான், இதோ அவன் பேரை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னது போல ஆகும். அவர் அந்தப் படத்துக்கு மாலை போட விடாதவர்.

ஒரு சாயங்காலம் உன்னை மடியில் போட்டுக்கொண்டு நானே கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். “ஒரே பேரை ரெண்டு பேருக்கு வச்சா அவுக நாட்டுல தப்பா எடுப்பாங்களான்னு கேளுங்க” என்றேன்.

கட்சுவோ உன்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். யுத்தம் முடிந்த பிறகு அவர்களுக்கு இன்னொரு மகன் பிறந்தான். மனைவி இவனையும் மசாரு என்றுதான் கூப்பிடுவேன் என்று பிடிவாதமாக நின்றாள். வாய் அதற்கே பழகிவிட்டது, வேறு பேர் வராது என்றாள். அவர் யோசித்துப் பார்த்து, மசாரு என்றே வாசிக்கக்கூடிய வேறொரு எழுத்தைக் கண்டுபிடித்தார். கனிவு என்று அதற்குப் பொருள். எப்படி எழுதுவது என்று உன் அப்பா கேட்டார். பக்கத்தில் ஒரு ஆள், அவனுக்கு அந்தப் பக்கம் துக்கம் என்ற எழுத்து. துக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் கனிவு. மூத்தவன் எழுத்து மூத்தவனுக்கே இருக்கிறது, சின்னவன் எழுத்து சின்னவனுக்கு, அம்மாவுக்கு மட்டும் ஒரே சத்தம் என்றார். பிறகு, என் அண்ணன் பேருக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

“ஆறு முகம். சாமிக்கு ஆறு தலை” என்று அப்பா விரலால் எண்ணிக் காட்டினார். “ஆறுன்னா நதின்னும் ஒரு அர்த்தம் உண்டு” என்று தெருக்கோடியைக் காட்டினார்.

“சூடு ஆறுகதுக்கும் ஆறுதான்” என்று நான் சொன்னேன். “புண்ணு ஆறுகதுக்கும்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் அவர் கெட்டிக்காரர். “வினைத்தொகை” என்றார் மெதுவாக. “ஆறின முகம், ஆறுகிற முகம், ஆறப்போகிற முகம். மூணு காலத்துக்கும் வரும்.” அதைக் கட்சுவோவுக்கு விளக்க அவருக்கு நாற்பது வார்த்தை ஆகியிருக்கும். கடைசியில் அவர் புரிந்துகொண்டு, எங்களுக்குச் செய்வது போல உனக்கும் ஒருமுறை குனிந்தார்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். என் பேரனுக்கு நீங்கள் எந்தப் பேரை வைத்தாலும் எனக்குச் சம்மதம். இரண்டு எழுத்தானாலும் சரி, சம்பந்தியின் எண்ணுக்குள் அடங்கினாலும் சரி. பொருளைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. நிறையப் படிப்பு என்று எழுதினவன் எழுத்துக் கூட்டாமலே காலம் தள்ளினான். வீட்டில் யாருக்கும் கூப்பிடும்போது தொண்டை அடைக்காத பேராக இருக்கிறதா என்று மட்டும் பார். மருமகளிடம் முதலில் கேள், கத்திக் கத்திக் கூப்பிடப் போகிறது அவள்தான். கட்சுவோ மெஷின் வேலை முடிந்து, உனக்குப் பேர் விட்டதற்கு அடுத்த மாசம் போய்விட்டார். இரண்டு வருஷம் புதுவருஷ வாழ்த்து வந்தது, பிறகு வரவில்லை. உன் மாமாவும் வரவில்லை. ஆனால் உனக்குப் பேர் விட்ட நாளை நான் சொல்லி முடிக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் நாள் தாத்தா வந்தார். அரைஞாண் கட்டி, பேர் சொல்ல உன்னை அவர் மடியில் வைத்தோம். “என்ன பேரு?” என்றார். நான் சொன்னேன்.

அவர் உன்னை அப்படியே என்னிடம் நீட்டினார். “அப்போ நீயும் முடிவு பண்ணிட்டியா மக்கா.”

“இல்லப்பா. அவன் பேரை நான் எடுக்கல்ல. அது ஆறு தலை. இது ஆறுக முகம், மனசு ஆறுகதுல்லியா, அந்த ஆறு. அவன் வந்தா வரட்டும். ஒரு வீட்டுல ரெண்டு ஆறுமுகம் இருந்தா என்ன, பெரியவன் சின்னவன்னு கூப்பிட்டுக்கிடுவோம்.”

உன்னை நான் வாங்கிக்கொள்ளவில்லை. கையை மடக்கிக்கொண்டு நின்றேன். நீ அவர் இரண்டு கையிலும் நீட்டியபடி கிடந்து காலை உதைத்தாய். பிறகு தாத்தா உன்னை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, “மாடியில உள்ளவரையும் கீழ கூப்பிடுங்க மாப்பிளை” என்றார். கட்சுவோ வந்து கதவோரம் நின்றார். தாத்தா உன் காதுக்குக் குனிந்தார். முதல் தடவை சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, “ஆறுமுகம்” என்றார். மூன்றாம் தடவை எல்லாருக்கும் கேட்டது.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. நீ தூங்கினாலும் கூப்பிட்டார், அழுதாலும் கூப்பிட்டார், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காரணமே இல்லாமல் கூப்பிட்டார். “பிள்ளை முழிச்சிடும்ப்பா” என்று நான் அதட்ட வேண்டியிருந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்பட்டுத் தெருமுனை வரை போனவர், எதையோ மறந்தவர் போலத் திரும்பி வந்தார். குடையா, வெற்றிலைப் பையா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, உள்ளே பார்த்து, “ஏ ஆறுமுகம், போய்ட்டு வாரேன்” என்றார்.